டைபாய்டுப் பல்

அத்தை கடைக்கு வருகிறாள் என்று தெரிந்தால் அவள் தன் வாயில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே ஆணி போட்டுக்கொள்வாள். வாய் நிறைய ஆணி இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. சிரிக்க வேண்டியதில்லை. ‘நல்லா இருக்கீங்களா அத்தை’ என்று கேட்க வேண்டியதில்லை. அத்தை நல்லா இல்லாமல் இருந்ததே கிடையாது என்பதால் அந்தக் கேள்வியே வெட்டி வேலை.

அது பழைய சோபாக்களுக்கும் நாற்காலிகளுக்கும் துணி மாற்றிக் கொடுக்கிற கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை. அப்பா பழைய துணியை உரித்து, தொங்கிப்போன நாடாவை இழுத்துக் கட்டி, ஸ்பாஞ்ச் வெட்டி வைப்பார். அம்மா மிஷினில் உறை தைப்பாள். விளிம்பு மட்டும் மகளுடைய வேலை. யாரும் பார்க்காத அடிப்பக்கத்துக்கு ஸ்டேப்ளர் பின் போதும். கண்ணுக்குத் தெரிகிற விளிம்புக்குக் குட்டி ஆணிதான், அதுவும் கையால் அடிக்க வேண்டும். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கும், இன்னொரு கையில் சுத்தியல். மூன்றாவது கை எந்த மனுஷனுக்கும் கிடையாது, அதனால் ஆணியை வாய் வைத்துக்கொள்ளும். நாக்கு ஒவ்வொன்றாகப் புரட்டி, தலைப்பக்கம் வெளியே வருகிற மாதிரி முன்பல்லுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தும். சுத்தியல் முனையில் காந்தம். டக்கென்று எடுத்து டக்கென்று அடிக்க வேண்டியதுதான். அப்பாவைவிட அவளுக்குக் கை வேகம். தெருவில் அவளுக்குப் பேரே ‘ஆணி’ என்றாகிவிட்டது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. அவள் பல்லைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் வைத்த பேர்களுக்கு இது எவ்வளவோ தேவலை.

“என்னடா தம்பி, இவ இன்னும் ஆணியைத் துப்பிக்கிட்டுத்தான் இருக்காளா?” என்று கேட்டுக்கொண்டே அத்தை உள்ளே வந்தாள். அப்பாவுக்கு ஒரே அக்கா. அந்த ஒரே அக்காவே பத்து அக்காவுக்குச் சமம்.

“வாக்கா, வா. உக்காரு. ஐயோ, அதுல இல்ல, அதுல ஸ்பிரிங் நீட்டிக்கிட்டிருக்கு!”

“எங்கதான்டா உக்கார்றது? சோபா கடைன்னு பேரு, வந்தவங்க உக்கார ஒரு எடம் கிடையாது.”

அப்பா அவசர அவசரமாக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அத்தை அதில் உட்கார்ந்த விதம், ஸ்டூலுக்கே பெரிய மரியாதை செய்கிற மாதிரி இருந்தது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பல் சரியில்லாத பிள்ளைக்கு வாழைப்பழம் வாங்கி வருவது அத்தையின் பெருந்தன்மை. அதை வருகிற ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லியும் காட்டுவாள்.

“எங்க, அந்தப் பல்லைக் காட்டு பாக்கலாம்.”

முந்தாநாள் காலையில், சுட்ட ரொட்டியைக் கடித்தபோது அவளுடைய மேல்வரிசை முன்பல் ஒன்று ஆடியது. அம்மாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பாவிடம் சொன்னால் அது அத்தையிடம் சொன்ன மாதிரி. அந்த மனுஷன் வயிற்றில் எதுவும் ஒரு வேளைக்கு மேல் தங்காது.

அவள் உள்ளங்கையில் ஆணிகளை ஒவ்வொன்றாகத் துப்பினாள். அவசரமே காட்டவில்லை. ஸ்பாஞ்ச் எடுக்க வந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை அவரையும் சபையில் சேர்த்துக்கொண்டு, அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

“ஐயய்ய! பல்லாடி இது? நொய்யரிசி மாதிரி! பழுப்பு பழுப்பா கோடு வேற. ஈறு பாரு, செக்கச்செவேல்னு. பல்லே தேய்க்க மாட்டியா நீ?”

“ரெண்டு வேளையும் தேய்க்கிறா அண்ணி,” என்றாள் அம்மா, மிஷினை நிறுத்தாமல். “ரத்தம் வந்தாலும் தேய்க்கிறா.”

“பின்ன ஏன் இப்படி? நான் சொல்லவா? செல்லம். டைபாய்டு வந்து எந்திரிச்ச பிள்ளைன்னு கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்தீங்க. மிட்டாய், சாக்லேட்டு, ஐஸ்கிரீம். அது பத்தாதுன்னு இந்த ஆணி. இரும்பைக் கடிச்சா பல்லு என்னத்துக்கு ஆகும்? வாயில ஆணி வச்சுக்கிட்டுத் திரியிற ஒரு பொம்பளப் பிள்ளையை இந்த ஊர்ல எங்கயாவது பாத்திருக்கியாடா தம்பி?”

தம்பி நாற்பது வருஷமாக வாயில் ஆணி வைக்கிறவர். அவருடைய ஒரு முன்பல்லில் ஆணி நின்று நின்று சின்னதாக ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது. மற்றபடி பல் அத்தனையும் கல்லு. அதைச் சொல்லலாம் இல்லையா? சொல்ல மாட்டார். அவர் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது, அவ்வளவு உறுதியான பல் இருந்தும்.

“நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிட்டு வா,” என்றாள் அத்தை. “நம்ம பையன் பாத்துக்குவான். குடும்பம்னு வந்துட்டா அவன் எதுவும் கேக்க மாட்டான். கம்பி போட்டு வரிசையா நிறுத்திருவான். வெளிய எவனாவது செய்வானா இதை? நான் இருக்கேன்ல, அதுதான்.”

அத்தை மகன் பல் டாக்டருக்குப் படித்து முடித்துப் புதிதாகக் கிளினிக் போட்டிருந்தான். அத்தை பார்க்கிற ஆளிடமெல்லாம் முதலில் பல்லைத்தான் பார்த்தாள் அப்போது.

இந்த ‘டைபாய்டு’ எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு மூன்று வயதில் வந்தது ரத்தப் புற்றுநோய். பெரிய ஆஸ்பத்திரியில் ரெண்டரை வருஷம் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாய் முழுக்கப் புண் வந்தது, முதுகெலும்பில் ஊசி போட்டார்கள். பிள்ளை பிழைத்தது. அப்போது அத்தை ஒரே ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தாள். உள்ளே வரவில்லை, ஒட்டிக்கொள்ளுமாம். தம்பியையும் தம்பி மனைவியையும் கேட்டுக்கு வெளியே வரவழைத்தாள்.

“இங்க பாரு, என் மூத்தவளுக்கு இப்பதான் ஒரு நல்ல எடம் கூடி வருது. குடும்பத்துல இப்படி ஒரு நோய்னு காதுல விழுந்தா ஓடிருவாங்க. யாரு கேட்டாலும் டைபாய்டு. உங்க வாயில டைபாய்டுங்கறதைத் தவிர வேற வார்த்தை வரக் கூடாது. ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுங்க.”

பிள்ளை உள்ளே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. அம்மா யாருக்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்துவிட்டு உள்ளே ஓடுகிற நிலைமையில் இருந்தாள். செய்துவிட்டு ஓடினாள்.

அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. மாப்பிள்ளை வேறு யாரையோ கூட்டிக்கொண்டு போய்விட்டான். பொய் மட்டும் கூடிவந்து குடும்பத்தோடு தங்கிவிட்டது. நாளடைவில் வீட்டுக்குள்ளேயே ‘டைபாய்டு வந்தப்ப’, ‘டைபாய்டுக்கு முன்னாடி’ என்று பேச ஆரம்பித்தார்கள். அத்தையின் பிள்ளைகள் அதை உண்மையென்றே நம்பி வளர்ந்தார்கள். பல் டாக்டர் உட்பட.

அவளுக்கு மட்டும் அம்மா விஷயத்தைச் சொல்லியிருந்தாள். வந்தது, போய்விட்டது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். அதற்கும் வாயில் இருக்கிற பல்லுக்கும் தொடர்பு இருக்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

கிளினிக் முழுக்கக் கண்ணாடி. காத்திருக்கிற இடத்தில் ஒரு டிவி. அதில் கோணல் பல் ஒன்று, நேர்ப்பல் ஒன்று என்று ‘முன்’, ‘பின்’ படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. முகம் கிடையாது, வெறும் வாய்கள். சிரிப்பதற்காகவே பிறந்த மாதிரி எல்லா வாயும் சிரித்தன. அத்தை வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, அங்கே வேலை பார்க்கிற பெண்ணை வேலை பார்க்க விடாமல் செய்துகொண்டிருந்தாள்.

“வா ஆணி,” என்றான் அத்தை மகன். அவனும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். கையுறை, முகமூடி, நெற்றியில் விளக்கு. ஆள் தெரியவில்லை, தோரணை மட்டும் தெரிந்தது.

முதல் வேலையாக அவள் உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து போட்டோ எடுத்தான். அப்புறம் தாடை முழுக்க எக்ஸ்ரே. அதைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“பின்னாடி நாலு பல்லு பால் பல்லு. இன்னும் விழவே இல்ல.”

“இருபது வயசுல பால் பல்லா!” பின்னாலேயே உள்ளே வந்திருந்த அத்தை கையைத் தட்டிச் சிரித்தாள். “ஏன்டி, இன்னும் பால்புட்டியை விடலையா நீ?”

வரவேற்பு மேஜைப் பெண்ணும் சிரித்தாள். முதலாளியம்மா சிரிக்கும்போது சிரிப்பதும் அவள் வேலையில் சேர்த்தி.

“அதுக்குக் கீழ புதுப் பல்லும் இல்ல,” என்றான் அவன். “முன்பல்லுக்கு வேர் ரொம்பக் கட்டை. பாதிகூட வளரல. மாமி, சின்ன வயசுல இவளுக்குப் பெரிய வியாதி ஏதாவது வந்துச்சா?”

அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். “டைபாய்டு வந்துச்சேடா, மறந்துட்டியா? சாதாரண டைபாய்டு.”

“டைபாய்டுக்கு இப்படி ஆகாதும்மா. பரம்பரையா இருக்கலாம். மாமி வழியில யாருக்காவது இப்படி?”

“இருக்கும் இருக்கும்,” என்றாள் அத்தை. “அவங்க பக்கத்துல இல்லாம நம்ம பக்கத்துலயா?”

அம்மா தன் வாயைத் திறந்து காட்டவில்லை. கொட்டையை உடைக்கிற பல் அவளுக்கு. அம்மாவுடைய அப்பாவுக்குக் கடைசிவரை ஒரு பல் விழவில்லை. ஆனால் அங்கே நின்று பல்லைக் காட்டி வழக்காடுவது கேவலம் என்று நினைத்தாளோ என்னவோ, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆணியும் ஒரு காரணம்தான்,” என்றான் அத்தை மகன். “இன்னையிலருந்து ஆணியைத் தொடக் கூடாது. முதல்ல பால் பல்லு நாலையும் எடுத்துருவோம். அந்த எடத்துக்கு மத்த பல்லை இழுத்து வர்ற மாதிரி கம்பி போட்டுரலாம்.”

“ஆடுற பல்லு?” என்று கேட்டாள் அவள். அந்த அறைக்குள் வந்து அவள் பேசிய முதல் பேச்சு.

“அதெல்லாம் கம்பி போட்டா நின்னுரும்.”

வேர் பாதிகூட இல்லை என்று சொன்ன வாய்தான் இதையும் சொன்னது. சந்தேகம் வந்திருக்கிறது அவனுக்கு, எக்ஸ்ரேயைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஆனால் டிவியில் போட ஒரு நல்ல ‘முன்’ படம் கிடைத்துவிட்டது. ‘பின்’ படத்துக்குப் பறந்துகொண்டிருந்தது மனசு. படித்த படிப்பு கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஆணி டப்பாவை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டார். அக்கா போனிலேயே உத்தரவு போட்டிருந்தாள். மகளுக்கு மெத்தை உறைக்கு ஜிப் வைக்கிற வேலை கொடுத்தார். விளிம்பை அவரே அடித்தார். வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை, வரிசை பாம்பு மாதிரி நெளிந்தது.

“என்னங்க, ஆணி ஊர்ல இல்லையா?” என்று கேட்டார் துணி மாற்றக் கொடுத்த நாற்காலியைத் திரும்ப வாங்க வந்தவர், விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு.

அவள் ஜிப்பைத் தூக்கி மேஜையில் எறிந்தாள். வாடிக்கையாளர் போகும்வரை பொறுத்திருந்ததே பெரிய விஷயம்.

“அப்பா, அத்தான் கிளினிக்ல அம்மாகிட்ட கேட்டாரு, பெரிய வியாதி ஏதாவது வந்துச்சான்னு. இப்பவாவது அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“அதுக்கும் பல்லுக்கும் என்ன பாப்பா சம்பந்தம்?”

“சம்பந்தம் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க டாக்டரா?”

“அக்காவுக்கு வாக்குக் குடுத்துட்டோம்மா. பதினேழு வருஷமா காப்பாத்திட்டு வர்றோம். இப்பப் போய்...”

“பல்லு போனாப் போகுது, வாக்கு போகக் கூடாது. அப்படித்தானே?”

“அப்படி இல்ல பாப்பா. நல்லது பண்றேன்னு வந்து நிக்கிறாங்க. சும்மா கிடைக்குது. அதுல போய்க் குத்தம் சொன்னா நல்லாவா இருக்கும்?”

“சும்மா கிடைக்குதுன்னு கழுத்தை நீட்டுவீங்களா? இது என் வாய் அப்பா. சாப்பிடுறது நான். இந்த முன்பல்லு போச்சுன்னா நான் இன்னும் எத்தனை வருஷம் பால்ல ரொட்டியைப் பிசைஞ்சு தின்னுக்கிட்டுக் கெடப்பேன்? உங்க அக்கா வாழைப்பழம் வாங்கிட்டு வருவாங்க. வந்து அதையும் சொல்லிக் காட்டுவாங்க.”

அப்பா சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு பரிதாபமாக நின்றார். அவளுக்கு அவர்மேல் பாவமாக இருக்க வேண்டும். இல்லை. பத்திக்கொண்டுதான் வந்தது. நல்ல மனுஷன் நல்ல மனுஷன் என்று ஊரே சொல்கிறது, நல்ல மனுஷனாக இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம் என்று நினைத்தாள்.

“அம்மா, நீயாவது சொல்லேன்.”

அம்மா மிஷினிலிருந்து நூலை அறுத்தாள். “நானும் சத்தியம் பண்ணியிருக்கேன்டி. டைபாய்டைத் தவிர வேற வார்த்தை வாயில வராதுன்னு. பண்ணினது பண்ணினதுதான்.”

தானே போய்ச் சொன்னாலும் அவர்கள் செய்த சத்தியம் உடைந்த மாதிரிதான், அதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. அழுகையே வந்துவிட்டது. வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் அழுதாள், அது அவளுடைய வழக்கம்.

அடுத்த வாரம் கிளினிக்குக்குப் போனார்கள். கடையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அப்பா நழுவிக்கொண்டார். காத்திருக்கிற இடத்தில் கன்னம் வீங்கிய ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். டிவியில் வாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று மகளுடைய வாய் வந்தது. சின்னச் சின்னப் பல், பழுப்புக் கோடு, சிவந்த ஈறு, கதவு அகலத்துக்குப் பெரிதாக. மேலே ‘முன்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ‘பின்’னுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

“கேட்டானாடி உன்கிட்ட?” என்றாள் அம்மா, குரலே மாறிப்போய்.

“மூஞ்சி தெரியலையே, அப்புறம் என்ன?” என்றாள் அத்தை. “நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்.”

அம்மா அந்தப் படம் மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

உள்ளே, அம்மாவும் அத்தையும் பக்கத்தில் இருக்க, அத்தை மகன் அவளை நாற்காலியில் சாய்த்து, வாய் மூடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டி, கன்னத்துக்குள் பஞ்சை அடைத்தான். தட்டில் ஊசி, குறடு, கம்பி எல்லாம் வரிசையாக இருந்தன. வாயை இவ்வளவு அகலமாக அவள் வாழ்நாளில் யார் முன்னாலும் திறந்ததில்லை. திறந்தும் ஒரு வார்த்தை பேச முடியாது.

அவன் ஆடுகிற பல்லை விரலால் அசைத்துப் பார்த்தான். அது போன வாரத்தைவிட நன்றாகவே ஆடியது. ஊசியை எடுத்தவன் மறுபடியும் எக்ஸ்ரே பக்கம் திரும்பினான்.

“மாமி, அந்த டைபாய்டுக்கு எத்தனை நாள் மருந்து குடுத்தாங்கன்னு ஞாபகம் இருக்கா? ஒரு வாரமா, ரெண்டு வாரமா?”

“ரெண்டரை வருஷம்,” என்றாள் அம்மா.

ஊசி அந்தரத்தில் நின்றது.

“எவ்வளவு?”

“ரெண்டரை வருஷம் தம்பி. மூணு வயசுல ஆரம்பிச்சது. கையில ஊசி, முதுகெலும்புல ஊசி. தலையில ஒரு முடி நிக்கல. வாயெல்லாம் புண்ணு, எச்சில்கூட முழுங்க முடியாது பிள்ளைக்கு. ரத்தம் ஏத்திக்கிட்டே இருந்தாங்க. டைபாய்டுதான். உங்கம்மாதான் பேரு வச்சாங்க, டைபாய்டுன்னு.”

அம்மாவுக்கு வாய் தவறியதா என்று கேட்டால், அம்மாவுக்கு வாய் தவறியதே கிடையாது. தையலும் தவறியதில்லை. ஒரு வாரமாக மிஷினை மிதித்துக்கொண்டே இதைத்தான் யோசித்திருக்கிறாள்.

அவன் முகமூடியைக் கழற்றினான். “அம்மா, இது என்ன டைபாய்டு?”

“காய்ச்சல்தானேடா! காய்ச்சல்ல ஆயிரம் வகை...”

“முதுகெலும்புல ஊசி போடுற காய்ச்சலா? மாமி, பிளட் கேன்சரா?”

“நான் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் தம்பி. சத்தியம் பண்ணியிருக்கேன்.”

நாற்காலியில் கிடந்தவள் பஞ்சும் வளையமுமாகத் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். அவன் வளையத்தை எடுத்தான், பஞ்சை எடுத்தான், தட்டு இருந்த ஸ்டாண்டைக் காலால் தள்ளிவிட்டான். குறடு கீழே விழுந்தது.

“பால் பல்லு விழுந்து புதுப் பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடியே தாடைக்குள்ள அது வளர ஆரம்பிச்சிரும். அந்த நேரத்துல இந்த மருந்து போனா, எந்தப் பல்லு எந்த அளவுல இருக்கோ அதுலயே நின்னுரும். சிலது முளைக்கவே முளைக்காது. சிலதுக்கு வேர் வளராது. மேல்பூச்சு சரியா அமையாது. இவ வாயில இருக்கிறது அப்படியே அதுதான். புக்குல படம் போட்டுப் படிச்சிருக்கேன்.” அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “இந்தக் கட்டை வேர் மேல கம்பி போட்டு இழுத்திருந்தேன்னா கொஞ்ச மாசத்துல முன்பல்லு பூரா கையோட வந்திருக்கும். பால் பல்லைப் பிடுங்கியிருந்தா அந்த எடம் அப்படியே ஓட்டை. உனக்குத் தெரியாதா அம்மா? நான் போன வாரம் இங்கயே நின்னு கேட்டேன்ல?”

“எனக்கென்னடா தெரியும், கேன்சருக்கும் பல்லுக்கும்...” என்று ஆரம்பித்து, சொல்லிவிட்ட வார்த்தையைக் கேட்டு அத்தையே வாயை மூடிக்கொண்டாள்.

அவனுக்கு அம்மா மேல் வந்த கோபத்தில் பாதியாவது தன்மேல் வந்திருக்க வேண்டும். வந்ததாகத் தெரியவில்லை. எக்ஸ்ரே போன வாரமும் இதே எக்ஸ்ரேதான்.

“இப்ப என்ன பண்றது அத்தான்?” என்று கேட்டாள் அவள். தாடை வலித்தது.

“கம்பி கிடையாது. பால் பல்லு இருக்கிறவரைக்கும் இருக்கட்டும், அதுதான் உனக்குச் சொத்து. ஆடுற பல்லைப் பக்கத்துப் பல்லோட சேத்து மெல்லிசா ஒட்டி வைக்கிறேன். நிக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. ஈறை மாசாமாசம் சுத்தம் பண்ணணும். அந்த ஆஸ்பத்திரியில என்ன மருந்து குடுத்தாங்கன்னு கேட்டு வாங்கணும்.” அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “ஆணி மேல தப்பு இல்ல. ஆனா இனிமே பல்லுல வைக்காத. இந்தப் பல்லு தாங்காது.”

இல்லாத வேரை யாராலும் வளர வைக்க முடியாது என்பது அவளுக்குப் புரிந்தது. இனி வரப்போவது எதுவும் இல்லை, இருப்பதைக் காப்பாற்ற வேண்டியதுதான். இவ்வளவு நாளும் தேய்க்காத பல், சாக்லேட் தின்ற பல், அம்மா வழிப் பல், ஆணி கடித்த பல் என்று ஆளாளுக்கு ஒரு பேர் வைத்தார்கள். உண்மையான பேரைத் தெரிந்தவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒட்டி முடித்து வெளியே வந்தபோது அத்தை அவர்களுக்கு முன்னால் போய் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு பழையபடி ஆகியிருந்தாள். எங்கிருந்துதான் அந்தச் சாமர்த்தியம் வருகிறதோ! டிவியில் மறுபடியும் அதே வாய். கன்னம் வீங்கிய அம்மாள் அதைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

“பாவம், யாரு வாயோ? பல்லு தேய்க்கிற பழக்கமே கிடையாது போல.”

“கால்சியம் குறைச்சல்ங்க,” என்றாள் அத்தை சட்டென்று. “என் பையன்தான் கண்டுபிடிச்சான்.”

இதற்குள் கால்சியமாகிவிட்டது. இன்னொரு பதினேழு வருஷத்துக்கு அதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவள் கை வழக்கம்போல வாயை மூட மேலே போனது. அவளே அதைக் கீழே இறக்கினாள்.

“அது என் வாய்ங்க,” என்றாள் அந்த அம்மாளிடம். நன்றாகத் தெரிகிற மாதிரி வாயைத் திறந்தே சொன்னாள். “மூணு வயசுல எனக்குக் கேன்சர். அந்த மருந்துல பல்லு வளரல. ரெண்டு வேளையும் தேய்க்கிறேன்.”

“டைபாய்டுன்னு...” என்றாள் வரவேற்பு மேஜைப் பெண், குழம்பிப்போய்.

“டைபாய்டு எங்க அத்தைக்கு. பதினேழு வருஷமா இருக்கு. இன்னும் குணமாகல.”

கன்னம் வீங்கிய அம்மாளுக்குச் சிரித்தால் வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தாள். அத்தை கையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து எதையோ தேட ஆரம்பித்தாள். மேஜை மேல் தேடுவதற்கு ஒன்றுமே இல்லை.

கடைத் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில், “நான் சத்தியத்தை மீறலடி,” என்றாள் அம்மா. “கடைசிவரைக்கும் டைபாய்டுன்னுதான் சொன்னேன்.”

“ஆமாம்மா. நல்ல டைபாய்டு.”

இரண்டு பேரும் தெருவிலேயே நின்று சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு அதற்குள் போன் வந்துவிட்டது என்பது அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பாதி அடித்த நாற்காலி முன்னால் நெளிந்த விளிம்போடு நின்றது. “அக்கா அழுவுறா பாப்பா,” என்றார். “ஜனங்க முன்னாடி அப்படி மானத்தை வாங்கலாமா?”

“என் பல்லு தப்பிச்சுதான்னு கேட்டாங்களா?”

அப்பா யோசித்தார். “கேக்கல,” என்றார். அதைச் சொன்ன பிறகு அவருக்கே எங்கேயோ உறைத்திருக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரண் மேலிருந்து ஆணி டப்பாவை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

“வாயில வைக்கக் கூடாதாமே பாப்பா? எப்படி அடிப்ப?”

அவள் மூலையில் கிடந்த ஒரு உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பிடுங்கினாள். அம்மா ரெக்ஸின் துண்டு ஒன்றில் அதை வைத்துத் தைத்து, பட்டையாக்கி அவள் இடது மணிக்கட்டில் கட்டிவிட்டாள். டப்பாவைக் கவிழ்த்ததும் ஆணிகள் மணிக்கட்டில் மொய்த்துக்கொண்டன. நெளிந்த வரிசையை முதலில் பிடுங்கி எறிந்தாள். துணியை இழுத்துப் பிடித்து ஒரு ஆணி அடித்தாள், இன்னொன்று அடித்தாள். பழைய வேகம் இல்லை, வந்துவிடும்.

“இனிமே ஆணியெல்லாம் கையிலதான்ப்பா,” என்றாள், சுத்தியலை நிறுத்தாமல். “வாய் சும்மாதான் இருக்கும். உங்க அக்காகிட்ட சொல்லிருங்க. கடைக்கு வர்றப்ப யோசிச்சு வரச் சொல்லுங்க.”